வளரிளம் பருவமும் உடல் மாற்றங்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நான் உடலைப் பற்றிப் பேச வந்துள்ளேன். இரண்டும் வேறல்ல. ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில்தான் நம் பிள்ளைகளின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்னும் குறி மிகுதியாக விழத் தொடங்குகிறது. அது உடல் மாறும் வயது. தன் உடலில் நிகழ்வது இன்னதென்று அறியாத பிள்ளை அஞ்சுகிறது. அஞ்சிய பிள்ளை ஒதுங்குகிறது. ஒதுங்கிய பிள்ளை நாளடைவில் நின்றே விடுகிறது.

நம் முன்னோர் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பகுத்தனர். அவற்றுள் பெதும்பை என்பது 8 முதல் 11 வயது. மங்கை என்பது 12, 13 வயது. மருத்துவ நூல்களும் இதையொட்டியே கூறுகின்றன. பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் மாற்றம் தொடங்குகிறது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, பட்டாணி அளவேயுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அச்சுரப்பியின் ஹார்மோன்கள் இரத்தத்தின் வழியே சென்று பெண்ணின் சினைப்பையையும் ஆணின் விந்தகத்தையும் செயற்படச் செய்கின்றன. சினைப்பை ஈஸ்ட்ரோஜனையும், விந்தகம் டெஸ்டோஸ்டிரோனையும் சுரக்கின்றன. காணும் மாற்றங்களெல்லாம் பெரிதும் இவற்றின் வேலையே. கண்ணேறும் காற்றுக் கருப்பும் இதற்குக் காரணமல்ல.

பெண்பிள்ளைகளுக்கு முதலில் மார்பு அரும்புகிறது. உயரம் விரைந்து கூடுகிறது. அரும்பிய இரண்டு மூன்று ஆண்டுகளில் பூப்பு நிகழ்கிறது. மாதவிலக்கில் வெளியேறுவது 'கெட்ட இரத்தம்' என்பர். அது தவறு. கரு தங்குவதற்கென்று கருப்பை தன் உட்புறத்தில் மெத்தை போன்றதொரு படலத்தை மாதந்தோறும் அமைக்கிறது. கரு தங்காதபோது அப்படலம் சிறிது இரத்தத்தோடு வெளியேறுகிறது. அவ்வளவே. முதல் ஓரிரு ஆண்டுகளில் நாள் தவறி வருவது இயல்பு. 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ, போக்கு 7 நாளுக்கு மேல் நீண்டாலோ, வலி பள்ளிக்கு வரவொட்டாமல் தடுத்தாலோ, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். துணியைப் பயன்படுத்துவோர் அதைச் சோப்பிட்டுத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். வெட்கத்தால் கூரை இடுக்கில் ஈரத்தோடு செருகி வைப்பதே நோய்க்கு வழி.

இளைஞர்களே, உங்களிடமும் ஒளிவின்றிப் பேசுகிறேன். குரல்வளை வளர்ந்து குரல்நாண்கள் நீள்வதால் குரல் உடைகிறது. சிறுவர் பலருக்கு மார்பு சற்றே வீங்கி வலிக்கும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் அது தானே வடிந்துவிடும். உறக்கத்தில் விந்து வெளியேறுவது நோயன்று; அதனால் உடல் இளைப்பதுமில்லை. ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு இரத்தத்திற்கு ஈடு என்பது பொய்க்கணக்கு. விந்து இரத்தத்திலிருந்து வடிக்கப்படுவதன்று. உடல் ஓயாது உண்டாக்கிக்கொண்டே இருப்பது. லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி, 'இளமையில் செய்த தவறு' என்று அச்சுறுத்தி லேகியம் விற்போர் உண்டு. தாயும் தந்தையும் கூலி வேலை செய்து சேர்த்த காசை அவர்களிடம் இழக்காதீர்கள்.

இவ்வளர்ச்சிக்கு உணவு வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கும் ஆண்களில் 31 பேருக்கும் இரத்தசோகை இருந்தது. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கும் நம் வழக்கம் நல்ல வழக்கம். முட்டையை மட்டும் பச்சையாக விழுங்கச் செய்யாமல் வேகவைத்துக் கொடுங்கள். பதினாறு நாளோடு நிறுத்தாமல் தொடர்ந்து கொடுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஈரல், சுவரொட்டி, இறைச்சி யாவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பரிமாறப்பட வேண்டும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே எறியாதீர்கள். உண்டவுடன் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதைச் சேர்க்கும்.

இனி, என் நெஞ்சை உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'தீட்டு' என்னும் சொல் நம்மை எவ்வாறு சுட்டது என்பதை இங்குள்ள பெரியோர் அறிவர். கிணற்றிலும் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் அச்சொல்லைச் சொல்லியே நம்மை விலக்கினர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அச்சொல்லை எதிர்த்துப் போராடிய நாம், அதே சொல்லை நம் வீட்டு மகள்மேல் சொல்லலாமா? அவளுக்குத் தனித்தட்டு, தனிப்பாய், தனிக்குடிசை என்று ஒதுக்கலாமா? 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவில், தஞ்சை மாவட்டத்தில் பூப்பெய்தியமைக்காகத் தனிக்குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு பள்ளிச் சிறுமி, மரம் சாய்ந்து உயிரிழந்தாள். புயலை நம்மால் தடுக்க இயலாது. அவளை வீட்டுக்குள் படுக்க வைத்திருக்க இயலும்.

மஞ்சள் நீராட்டு விழாவை நான் பழிக்கவில்லை. உறவினர் கூடி மகிழ்வது நன்று. ஆனால் கடன் வாங்கிப் பந்தலிட்டு, அந்தப் பந்தலிலேயே மாப்பிள்ளை பேசுவது நன்றன்று. பூப்பெய்தியதனால் உடல் முதிர்ந்துவிடவில்லை. எலும்பும் இடுப்பும் மேலும் சில ஆண்டுகள் வளரும். பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறையாமல் மணம் முடிப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1942 ஜூலை 20ஆம் நாள் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மகளிர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், தூய்மை பேணுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், திருமணத்திற்கு அவசரப்படாதீர்கள் என்னும் கருத்தையே நம் பெண்களிடம் வலியுறுத்தினார்.

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். தாய்மார்களே, பூப்பெய்தும் முன்பே மகளிடம் பேசுங்கள். தந்தையரே, மகனிடம் நீங்கள் பேசுங்கள். பேசக் கூசினால் சுகாதாரச் செவிலியரிடம் அழைத்துச் செல்லுங்கள். சங்கத்தினரே, நீங்கள் நடத்தும் மாலை வகுப்பில் மாதம் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். விழா முடிந்த மறுவாரமே நம் பெண்பிள்ளைகள் புத்தகப் பையோடு பள்ளி வாயிலில் நிற்க வேண்டும். அதுவே இவ்வெள்ளி விழாவுக்குப் பெருமை.