மருந்தும் ஒரு குவளை நீரும்



சமணப் புலவர் தமிழுக்கு அளித்த அறநூல்களுள் சில மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. ஏலம், இலவங்கம் முதலிய ஆறு பொருள் சேர்ந்த மருந்தின் பெயரைத் தம் நூலுக்கு இட்டார் கணிமேதாவியார், அதுவே ஏலாதி. ஐந்து வேர்கள் கூடிய மருந்தின் பெயரால் சிறுபஞ்சமூலம் இயற்றினார் காரியாசான். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி எனும் நால்வகைத் தானத்துள் மருந்தும் ஒன்று. எனினும் மருந்தைக் கையில் கொடுப்பதோடு அத்தானம் நிறைவுறுவதில்லை. அதை உண்ணும் முறையையும் உடன் உரைத்தல் வேண்டும்.

ஒரு நிகழ்ச்சியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். ராஜபாளையத்து மூதாட்டி ஒருவர். கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்தாத நோன்பினர். திருவில்லிபுத்தூரில் உறவினர் இல்லத்துக்குச் சென்று மாலையில் பேருந்தில் திரும்புகிறார். மேற்கே மலைத்தொடரின் பின்னால் கதிரவன் இறங்குகிறான். மருத்துவர் கொடுத்த டாக்சிசைக்ளின் மாத்திரை பையில் இருக்கிறது. புட்டியிலோ ஒரு வாய் நீர்தான் மிச்சம். நோன்பு தவறிவிடுமே என்னும் பதற்றத்தில் அவ்வொரு வாய் நீரோடு மாத்திரையை விழுங்குகிறார். வீட்டை அடைந்ததும் களைப்பால் படுத்துவிடுகிறார்.

நள்ளிரவில் நெஞ்சின் நடுவே எரிச்சல். மாத்திரை அங்கேயே நிற்பது போன்ற உணர்வு. "அத்தை, ஒரு மடக்குத் தண்ணீராவது குடியுங்கள்" என்று மருமகள் கெஞ்சுகிறாள். "விடியட்டும் அம்மா" என்கிறார் மூதாட்டி. விடியும்போது எச்சிலை விழுங்கவும் வலிக்கிறது. மகன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறான். மருத்துவர் முதலில் ஈ.சி.ஜி. எடுத்து இதயத்தில் குறையில்லை என உறுதி செய்கிறார். பிறகே உணவுக்குழாயில் மாத்திரை உண்டாக்கிய புண் இது என்கிறார். மூதாட்டி நலம் பெறுகிறார். ஆயினும் அவ்வில்லத்தார் அன்றிரவு பட்ட அச்சம் தேவையற்றது.

மாத்திரை ஏன் தங்குகிறது? உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். உணவு இறங்காத வேளையில் அதன் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தொண்டையின் அடியிலும், நெஞ்சில் பெருந்தமனி வளையும் இடத்திலும், இரைப்பைக்கு மேலும் அது இயல்பாகவே குறுகியது. முதுமையில் உமிழ்நீர் குறைகிறது. ஈரம் பட்ட கேப்சூலின் உறை பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. டாக்சிசைக்ளின், இரும்புச்சத்து, பொட்டாசியம், ஆஸ்பிரின், எலும்பு வலுவுக்கான அலெண்ட்ரோனேட் போன்றவை ஒரே இடத்தில் கரைந்தால் அவ்விடம் புண்ணாகலாம். 1982-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 121 பேரிடம் மாத்திரைகள் இறங்கும் வழியை ஆராய்ந்தனர். குறைந்தது 100 மில்லிலிட்டர் நீரோடு மாத்திரை விழுங்கி, 90 விநாடியாவது நிற்கவேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. படுத்துக்கொண்டு ஒரு வாய் நீரோடு விழுங்குவது அதற்கு நேர்மாறானது.

மாத்திரை சிக்கியதாகத் தோன்றினால் முதலில் மூச்சை நோக்குக. பேசவும் இருமவும் மூச்சுவிடவும் இயலவில்லையெனில் அது உணவுக்குழாயின் சிக்கலன்று, மூச்சுவழி அடைப்பு. அருகிலுள்ளோர் ஒருவரை 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நோயாளியை முன்னே குனியச் செய்து இரு தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை உள்ளங்கையின் அடியால் ஓங்கித் தட்டுக. பயனில்லையெனில் பின்னே நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துக. அடைப்பு நீங்கும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்க.

பேச்சும் மூச்சும் சீராக இருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. நிமிர்ந்து அமர்ந்து முதலில் ஒரு மிடறு நீர் பருகுக. அது தடையின்றி இறங்கினால் ஒரு குவளை நீரை மெல்ல மெல்லப் பருகுக. பின் நன்கு மென்ற வாழைப்பழத் துண்டோ குழைந்த சோறோ சிறிதளவு உண்ணலாம். உலர்ந்த உணவைத் திணித்தலும், விரலை விட்டு வாந்தி எடுத்தலும், மாத்திரை இறங்கவில்லையென எண்ணி மற்றொன்றை விழுங்குதலும், உடனே படுத்தலும் ஆகா. மாத்திரை இறங்கிய பின்னும் அது உரசிய இடம் சிறிது நேரம் உறுத்தக்கூடும். எச்சிலும் நீரும் இறங்காவிடில் வாய்வழி எதுவும் கொடாமல் மருத்துவமனைக்கு விரைக. விழுங்கும்போது வலி நீடித்தாலும், குருதி வெளிப்பட்டாலும் தாமதிக்கலாகாது. நெஞ்சுவலியோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால் அதை மாத்திரையின் மேல் ஏற்றிச் சும்மா இருத்தல் கூடாது.

வருமுன் காத்தலே சிறந்தது. மாத்திரைக்கு முன் ஒரு மிடறு, பின் ஒரு குவளை நிறைய நீர். அதன்பின் அரைமணி நேரம் படுக்காதிருத்தல். கேப்சூல் நீரில் மிதக்கும் தன்மையது. ஆதலால் அதை நீரோடு வாயில் கொண்டு, முகவாயை மார்பு நோக்கித் தாழ்த்தி விழுங்குதல் எளிது. 2014-இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்களும் இம்முறையின் பயனை எடுத்துரைத்தனர். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குள் மாத்திரையைப் பொதிந்து விழுங்கலாமே என்று சிலர்க்குத் தோன்றலாம். பாலின் கால்சியம் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளையும் இரும்புச்சத்தையும் உடல் ஏற்பதைக் குறைக்கும். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைப் பொடிப்பதும் கூடாது. மெல்லக் கரையுமாறு செய்யப்பட்டவை அவற்றுள் உண்டு.

நோன்பினர் செய்யத்தக்கது யாது? மாலை மருந்தைக் கதிரவன் மறையும் கணத்துக்கு ஒத்திப்போடாது, ஒரு மணி நேரம் முன்னரே காய்ச்சி ஆறிய நீரோடு உண்க. வெளியூர் செல்கையில் புட்டி நிறைய நீர் கொண்டு செல்க. இரவில் உண்ணவேண்டிய மருந்தெனில் வேளையை மாற்றலாமா என மருத்துவரைக் கேட்க. நோய்க்காலத்தில் நோன்பை எங்ஙனம் கொள்வது என வழிகாட்டும் துறவியரைக் கேட்க. நோன்பைத் தொடங்கும் முன்பே இவ்விரண்டையும் கேட்டு அறிந்தவர்க்கு நள்ளிரவில் தடுமாற்றம் வராது.

ஓரறிவுயிர்க்கும் ஊறு நேரலாகாதென்று நீரையும் வடிகட்டிப் பருகும் மரபினர் நாம். அந்த அருள் நம் உடலுக்கும் உரியது. இல்லத்து முதியவர்க்கு மாத்திரையை எடுத்துத் தரும் இளையோர், மறு கையில் நிறைகுவளை நீரையும் ஏந்தி, அவர் பருகி முடிக்கும்வரை அருகில் நிற்பாராக. மருந்துத் தானம் அப்போதே முழுமை பெறும்.