உழைத்தவர் பெயரை உடனே எழுதுங்கள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



திறந்த மூல மென்பொருளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்: உழைத்தவர் பெயரைப் போடுவது.

லினக்ஸ் கெர்னலின் நிரலோடு 'கிரெடிட்ஸ்' என்றொரு கோப்பு வருகிறது. யார், என்ன செய்தார் என்று ஆளுக்குச் சில வரிகள். பெரியவர் சின்னவர் கிடையாது. குடும்பப் பெயரின் அகர வரிசைதான். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸையே கடைசிப் பகுதியில்தான் தேடணும்!

2005-ல் அவர் உருவாக்கிய 'கிட்', ஒவ்வொரு மாற்றத்திலும் எழுதியவர் பெயரையும், அதைச் சேர்த்தவர் பெயரையும் தனித்தனியே பதிகிறது. கெர்னல்காரர்கள் பிழையைக் கண்டு சொன்னவர், சோதித்துப் பார்த்தவர் பெயர்களையும் அடியில் எழுதுகிறார்கள்.

பெயர் என்பது பாராட்டு மட்டுமில்லை, பொறுப்பும்தான். 2003-ல் எஸ்.சி.ஓ. நிறுவனம் ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டு, தன் நிரல் லினக்ஸுக்குள் போயிருப்பதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு முதல், நிரல் அனுப்புகிறவர் 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்று பெயரெழுதி ஒப்பமிடும் வழக்கம் வந்தது.

பெயரை எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். கோப்பின் தலையில் ஒருவர் பெயர் இருந்தால், 'அது அவர் சொத்து' என்று மற்றவர் தொடத் தயங்குவார்கள். அதனால் அப்பாச்சி அறக்கட்டளை 2004-ல் அந்தப் பழக்கம் வேண்டாமென்று அறிவுறுத்தியது. பெயர் மாற்றங்களின் வரலாற்றில் நிற்கட்டும். நிரலுக்கு வேலியாக வேண்டாம்.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஒரு தப்புப் பண்ணினேன். நான் பராமரித்த சிறு மென்பொருளுக்கு ஒரு மாணவர் மூன்று வரித் திருத்தம் அனுப்பினார். அவசரத்தில் அதை வெட்டி ஒட்டி, என் பெயரிலேயே பதிந்துவிட்டேன். சில மாதம் கழித்து எழுதினார்: "சார், இண்டர்வியூல காட்டலாம்னு தேடினேன். என் பேரே இல்லையே?"

எனக்குப் பதில் வரவில்லை. பழைய பதிவில் பெயரை மாற்றினால் அதற்குப் பின்னால் வந்த பதிவுகளின் அடையாள எண்களெல்லாம் மாறிவிடும்; மற்றவர்கள் வைத்திருக்கும் பிரதிகளோடு பொருந்தாது. மன்னிப்புக் கேட்டு, அடுத்த பதிப்பின் நன்றிப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தேன். ஆனால் இண்டர்வியூ முடிந்து போயிருந்தது.

தம்பி தங்கையரே, உங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலிருந்தே தொடங்குங்கள். ராத்திரி கண்விழித்துப் பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்த அறைத் தோழன் பெயரை அன்றைக்கே எழுதிவிடுங்கள். எழுத ஒரு நிமிஷம் போதும். விட்டுப்போனால் திருத்துவது கஷ்டம்.