காட்டும் உதவியும் காணும் உதவியும்

 

இன்றைய திருநாளில் அடியேனுக்கு இடப்பட்ட பொருள் கற்பித்தல் என்பது. பள்ளி ஆசிரியர்க்கு மட்டுமே உரிய பொருள் அன்று இது. மகனுக்குத் திருநீறு அணியப் பழக்கும் தாயும், சிறுவனுக்குப் பண்ணோடு பாட்டுச் சொல்லித் தரும் ஓதுவாரும் கற்பிக்கின்றவர்களே ஆவர்.

முதற்கண் சொல்லைக் காண்போம். கற்றல் தன்வினை, கற்பித்தல் பிறவினை. உண்டல், உண்பித்தல் என்பன போல. பிள்ளை வாய் திறக்கவே இல்லையெனில், ‘உண்பித்தேன்’ என்று தாய் கூறுதல் இயலுமோ? சோறு பிசைந்தேன், ஊட்ட முயன்றேன் என்னலாம், அவ்வளவே. அங்ஙனமே, மாணவன் கல்லாதபோது ஆசிரியர் ‘கற்பித்தேன்’ என்பது பொருந்தாது, ‘பேசினேன்’ என்னலாம். பேசுதல் எளிது. அடியேனும் இப்பொழுது பேசிக்கொண்டுதானே இருக்கின்றேன்!

பின் கற்பித்தல் என்பதுதான் யாது? மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தில் இதற்கு விடை உண்டு. 12 சூத்திரங்களும் 40 அடிகளுமே உடைய சிறு நூல் அது. அதன் 11ஆம் சூத்திரம் கண்ணையும் உயிரையும் உவமையாகக் கொள்கிறது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் உயிர் உடன்நின்று செலுத்தினாலன்றிக் கண் எதனையும் காணாது. ஏதோ நினைவில் ஆழ்ந்து வீதியில் செல்கின்றோம். எதிரே வந்த உறவினர் நம் கண்ணில் படுகின்றார்; நாமோ அவரைக் காணவில்லை. பிறகு அவர் வருந்துகின்றார்! ஆகவே, உயிர்தான் கண்ணுக்குப் பொருளைக் காட்டுகிறது. காட்டுவதோடு நில்லாமல், கண்ணோடு கலந்து தானும் காண்கிறது. அதுபோலவே இறைவன் உயிருக்கு அறிவிக்கின்றான். அதனோடு உடனாய் நின்று தானும் அறிகின்றான். இவ்விரண்டையும் காட்டும் உதவி, காணும் உதவி என்று வழங்குவர் சித்தாந்தம் வல்லோர்.

நம்மிற் பலர் காட்டும் உதவியோடு நின்றுவிடுகின்றோம். கரும்பலகையில் ‘ழ’கரத்தை எழுதிக் காட்டுகின்றோம்; பிள்ளை கோணலாக எழுதினால் தலையில் குட்டுகின்றோம். அவன் அருகில் குனிந்து, அவன் கண்கொண்டு அவ்வெழுத்தைப் பார்த்து, ‘இவன் கை எங்கே திரும்புகிறது, எங்கே தயங்குகிறது’ என்று உடன் காண்பவர் எத்தனை பேர்? அந்தக் குனிதலில் ஆசிரியரின் பெருமை குறைவதில்லை.

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் தோன்றிய ஆறுமுக நாவலரை எண்ணிப் பாருங்கள். கடினமான இலக்கணமும் சாத்திரமும் கைவந்தவர். அத்தகையவர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சிறுவர்க்கென்று பாலபாடங்கள் இயற்றினார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். எழுத்துக் கூட்டிப் படிப்பவரின் கண் எவ்விடத்தில் இடறும் என்பதை அவர் உடன் கண்டிருக்க வேண்டும். புலவர் மெச்ச எழுதுவதினும் இது அரிது என்பது அடியேன் கருத்து.

தென்முகக் கடவுள் மௌனத்தால் உபதேசித்தார் என்று சொல்லி, பிள்ளைகளின் கேள்விக்கு வாய் திறவாதிருப்பாரும் உளர். சனகர் முதலிய முனிவர் நால்வரும் முன்னரே வேதங்களை ஓதித் தெளிந்தவர்கள். எஞ்சிய ஐயம் சொல்லுக்கு அப்பாற்பட்டது. அவர்க்கு மௌனமே மருந்து. அகரம் அறியாத குழந்தைக்கு அது பட்டினி.

இனி அருணந்தி சிவாசாரியார் வரலாறு. திருத்துறையூரில் வாழ்ந்த அவர் சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றவர். மெய்கண்டாரின் தந்தையார் அச்சுத களப்பாளருக்குக் குலகுரு. தம் அடியவர் வீட்டுப் பிள்ளை திருவெண்ணெய்நல்லூரில் இளமையிலேயே பலர்க்கு ஞானம் உரைப்பது கேட்டு, நேரில் வந்தார். அங்கே ஆணவமலம் பற்றிய பாடம் நடக்கிறது. ‘ஆணவத்தின் சொரூபம் யாது?’ என்று வினவினார் பண்டிதர். மெய்கண்டார் விரிவுரை செய்தாரில்லை. வினவியவரையே சுட்டிக் காட்டினார்.

காட்டியது ஒரு கணம். எனினும் நின்றவர் உள்ளத்தில் இருந்தது இன்னதென்று முன்னமே கண்டிருந்தாலன்றி, அங்ஙனம் காட்டுதல் கூடுமோ? பண்டிதர் அடிபணிந்து மாணவரானார். குலகுருவாக இருந்தவர் களப்பாளரின் மகன் முன்னே கைகட்டி நிற்பது எளிய செயலா? ஊரார் என்ன பேசியிருப்பர்!

அதன் பின் அவர் செய்ததைக் கவனியுங்கள். ஆசிரியரின் 12 சூத்திரங்களைத் தழுவிச் சிவஞானசித்தியாரைப் பெருநூலாக விரித்தார். இருபா இருபஃது என்னும் நூலில் தம் குருவை முன்னிலைப்படுத்தி வினாக்களை அடுக்கினார். ஆகமங்கள் யாவும் கற்றவர் கேள்வி கேட்கின்றார். அக்கேள்விகளே சாத்திரமாகி, மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாக நிற்கின்றன.

நாமோ, தேவாரத்தை மனப்பாடம் செய்த குழந்தை பொருள் கேட்டால், ‘கேள்வி கேளாதே, பாடு’ என்கின்றோம். இரண்டு முறை கேட்டுப் பார்க்கும். மூன்றாம் முறை கேளாது. சில ஆண்டுகளில் கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிடும். பின்னர், ‘காலம் கெட்டுவிட்டது’ என்று காலத்தின்மேல் பழி சுமத்துகின்றோம்.

இன்னும் சிறிது நேரத்தில் சுவாமி இடப வாகனத்தில் எழுந்தருளப் போகின்றார். தோளில் இருக்கும் குழந்தை, ‘சுவாமி ஏன் மாட்டின் மேல் வருகிறார்?’ என்று கேட்கும். தெரியுமாயின் கூறுங்கள். தெரியாதாயின் ஓதுவார் ஐயா இங்கேதான் இருப்பார். அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குழந்தையை மட்டும் விட்டுவிட்டு வந்துவிடாமல், பக்கத்தில் நின்று நீங்களும் கேளுங்கள்.