சிறுநீரகமும் கொழுப்பமிலங்களும்

மருதனார்மடம் சந்தை காலை வேளையில் கலகலப்பது யாழ்ப்பாணத்தார் யாவரும் அறிந்த காட்சி. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த மரக்கறிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. வந்த பொருள் அன்றே விலைப்பட்டால் கமக்காரனுக்கு ஊதியம், ஊருக்கு உணவு. வரவு மிகுந்து கொள்வார் குறைந்தாலோ, நல்ல பொருளே அழுகிச் சந்தையைக் கெடுத்துவிடுகின்றது. இத்தகைய ஒரு சந்தை மனிதனின் சிறுநீரகத்தினுள்ளும் நடைபெறுகின்றது. அங்கு வந்திறங்கும் சரக்கு கொழுப்பமிலம்.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து உடல் நிறையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் இதயம் செலுத்தும் குருதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்கே செல்கின்றது. நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரை வடித்து, அதில் 99 வீதத்தை மீண்டும் குருதியிற் சேர்க்கின்றன. இப்பணியின் பெரும்பகுதி சிறுகுழாய்களின் முதற்பகுதிக் கலங்களைச் சார்ந்தது. அதற்கு வேண்டிய சத்தியை வழங்கும் உலைகளே இழைமணிகள்.

இவ்வுலைகளின் முதன்மையான விறகு குளுக்கோசு அன்று; கொழுப்பமிலமே. நீண்ட கொழுப்பமிலங்களைக் கானிற்றீன் என்னும் பொருள் இழைமணியினுள் கொண்டு சேர்க்கின்றது. அங்கே அவை இரண்டிரண்டு காபன் அணுக்களாகத் துண்டிக்கப்படுகின்றன. துண்டிக்கப்படும் இம்முறையை 1904ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் க்னூப் கண்டறிந்தார். அது நிகழுமிடம் இழைமணியே என்பதை 1949ஆம் ஆண்டளவில் கென்னடி, லெனிஞ்சர் என்னும் இருவர் நிறுவினர்.

நீரிழிவும் உடற்பருமனும் நேர்ந்தவிடத்து, எரிக்கக்கூடிய அளவுக்கு மேலாகக் கொழுப்பமிலம் கலத்தினுள் வந்து குவிகின்றது. அரைகுறையாக எரிந்த எச்சங்களும், செரமைட்டு முதலிய விளைபொருள்களும் தேங்குகின்றன. இவை இழைமணியின் மென்சவ்வைத் தாக்குகின்றன, கேடு செய்யும் ஒட்சிசன் வகைகள் பெருகுகின்றன, சத்தி குன்றுகின்றது. சத்தி குன்றவே எரிப்பும் குன்றி, தேக்கம் மேலும் வளர்கின்றது. கொழுப்பமிலங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பரிசோதனைக் கலங்களில் பாமிற்றிக் அமிலம் பெருந்தீங்கு விளைக்கின்றது. ஒலெயிக் அமிலமோ கொழுப்புத் துளிகளாகச் சேமிக்கப்பட்டு, அத்தீங்கைத் தணிக்கின்றது.

2015ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று, நாரிழையம் படர்ந்த மனிதச் சிறுநீரகங்களில் கொழுப்பமிலத்தை எரிக்கும் நொதியங்கள் குறைந்திருப்பதை எடுத்துக்காட்டியது. எலிகளில் அவ்வெரிப்பை மீட்டபோது நாரிழையம் படர்வது தணிந்தது. பழுதுற்ற உலைக்கு மருந்து தேடும் முயற்சிக்கு இது நம்பிக்கை அளித்தது.

இதில் பொதுமக்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. குருதியில் கொழுப்பமிலத்தைச் சுமந்து செல்வது அல்புமின் என்னும் புரதம். வடிகட்டி பழுதுற்று அப்புரதம் கசியும்போது, அது சுமந்த கொழுப்பமிலமும் சிறுகுழாய்க் கலங்களிலே வந்து இறங்குகின்றது. ஆகவே சிறுநீரிற் காணும் அல்புமின் நோயின் அடையாளம் மட்டுமன்று. நோயை வளர்ப்பதும் ஆகும். சிறுநீரகமோ வலித்து முறையிடும் உறுப்பன்று. கால் வீங்கி, உடல் சோர்ந்த பின்னர் வைத்தியசாலையை நாடுவோர் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்திருப்பர்.

நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ உடையவர், நோவு இல்லை என்று இருந்துவிடாமல், ஆண்டுக்கொரு முறையேனும் சிறுநீரில் அல்புமினையும் குருதியில் கிரியற்றினினையும் சோதிப்பித்தல் வேண்டும். சரக்குத் தேங்கத் தொடங்கும்போதே அறிந்துகொண்டால், சந்தையைக் காப்பதற்கு இன்னும் வழியுண்டு.