வயிற்றுப் பிள்ளையின் அளவும் வீட்டுக் காலண்டரும்

(பாலவாக்கத்தில் நடந்த தம்பதியர் கூட்டத்தில் பேசியது)



வஞ்சிரத்தைத் தராசில் போடுமுன்பே நீளத்தைப் பார்த்து “மூணு கிலோ தேறும்” என்று சொல்லிவிடுகிறீர்கள். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் எடையை ஸ்கேனில் சொல்வதும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே தராசு ஏது? தலையின் அகலம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் இவற்றை அளந்து எடையைக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க டாக்டர் ஹாட்லாக் குழுவினர் 1985-ல் வெளியிட்ட கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கணக்கு என்றால் முன்னே பின்னே இருக்கும். சீட்டில் 2,500 கிராம் என்றிருந்தால் உண்மையில் 2,200-ம் இருக்கலாம், 2,800-ம் இருக்கலாம். அதற்காக ஸ்கேன் எடுத்தவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

நர்சம்மா கையில் இருப்பது வெறும் டேப். அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் மேல் முனை வரை அளப்பார். 24 வாரத்திலிருந்து 36 வாரம் வரை, எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இரண்டு, மூன்று கூடக் குறைய இருந்தால் பயமில்லை. ஆனால் எத்தனை வாரம் என்று முதலில் தெரிய வேண்டுமே!

ஒரு குப்பத்தில் தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி நவம்பர் 25-ம் தேதி முதல் தடவையாக வந்தாள். கடைசியாக விலக்கான நாள் நினைவில்லை. டேப் 27 காட்டியது. 27 வாரம் என்று எழுதியிருந்தால் எல்லாம் சரியாகவே தோன்றியிருக்கும். மாமியாரும், “தலைச்சன், வயிறு சின்னதாத்தான் தெரியும்” என்றார். வாசலில் நின்ற புருஷன்தான் சொன்னார்: “மீன்பிடித் தடை ஆரம்பிச்ச அன்னைக்கு விலக்கானா. கோயிலுக்குக் கிளம்பினோம், போகல.” தடை தொடங்குவது ஏப்ரல் 15. மாதம் தவறாமல் விலக்காகிறவள். அப்படியானால் 32 வாரம். ஐந்து சென்டிமீட்டர் குறை.

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஸ்கேனில் தலை நாளுக்கு ஏற்றபடி இருந்தது, வயிற்றுச் சுற்றளவு பின்தங்கியிருந்தது. ஊட்டம் குறையும்போது பிள்ளையின் உடம்பு மூளையை முதலில் காப்பாற்றும். ஈரலில் சேமிப்பு குறைந்து வயிறு சிறுக்கும். ரத்த ஓட்டத்தை அடிக்கடி பார்த்து, 37 வாரத்தில் பிரசவம் பார்த்தார்கள். பிள்ளை 1,900 கிராம். தாயின் மார்போடு அணைத்து வைத்து வளர்த்துவிட்டாள்.

பிரசவ தேதி பார்ப்பது கஷ்டமில்லை. கடைசி விலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுங்கள். ஏப்ரல் 15 என்றால் ஜனவரி 22. விலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுப்பதே நல்லது. அப்போது தலையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தை அளந்தால் ஒரு வாரத்துக்குள் துல்லியமாக நாள் தெரியும். எட்டாம் மாதத்தில் வந்து கேட்டால் இரண்டு, மூன்று வாரம் தவறலாம். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு கணக்கை நம்ம கிண்டிப் பக்கத்து ஐ.ஐ.டி.யும் ஃபரிதாபாத் ஆராய்ச்சி நிலையமும் 2024-ல் அறிவித்திருக்கின்றன. வரட்டும், நல்லதுதான். நீங்கள் காலண்டரில் வட்டம் போடுவதை விட்டுவிடாதீர்கள். புருஷன்மாரும் போடலாம், வெட்கம் என்ன?

ஆணா பெண்ணா என்று மட்டும் ஸ்கேனில் கேட்காதீர்கள்; 1994-ம் வருஷச் சட்டப்படி அது குற்றம்.

அளக்க வரும்போது அட்டையையும் பழைய ஸ்கேன் சீட்டுகளையும் கொண்டு வாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். நிறைந்திருந்தால் டேப் கூட்டிக் காட்டும்.