நீர் அடங்கும் நேரம்

கனடாவின் மேற்குக் கரையோரமாக நண்பர்கள் நால்வர் சொந்தப் படகில் வடக்கே போய்த் திரும்பிய அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். மலையையும் திமிங்கிலத்தையும் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான் சேமோர் நேரோஸ் ஜலசந்தியைச் சொல்கிறேன்.

அங்கே நீரோட்டம் மணிக்கு 15 கடல் மைல் வரை பாயும். எங்கள் படகின் வேகமோ 7. நடுவிலிருந்த ரிப்பிள் ராக் பாறை நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 1958 ஏப்ரல் 5-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாறை போயிற்று, ஓட்டம் போகவில்லை. ஓதம் திரும்பும்போது சில நிமிஷம் நீர் அடங்கும். அப்போதுதான் கடக்க வேண்டும்.

திரும்பும் வழியில், எதிர்காற்றால் அந்த நேரம் தப்பிவிட்டது. ஒருவருக்கு மறுநாள் காலை, ஜலசந்திக்குத் தெற்கே காம்ப்பெல் ரிவரில் விமானம். "முக்கால் மணிதானே, போய்விடலாம்" என்று கெஞ்சினார். படகுக்கார நண்பர் மசியவில்லை. அடுத்த முறை நீர் அடங்குவது நள்ளிரவில்; இருட்டில் மிதக்கும் மரக்கட்டைகள் தெரியாது. விடிந்த பிறகே கடந்தோம். விமானம் போய்விட்டது. டிக்கெட் நஷ்டத்தை நால்வரும் பங்கிட்டுக்கொண்டோம்.