எத்தனை முகவரி வேண்டும்?



"ஆய்வகத்தில் இருபது கணினிகள் இருக்கின்றன. இருபதுக்கும் நிலையான ஐ.பி. முகவரி வாங்க வேண்டுமா சார்?" கணினிப் பயிற்சிகளில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. வேண்டியதில்லை என்பதே என் பதில். அதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

ஐ.பி. முகவரி இரண்டு வகை. இணையச் சேவை நிறுவனம் தருவது பொது முகவரி. உலகின் எந்த மூலையிலிருந்தும் அதைத் தேடி வரலாம். பள்ளிக்குள் நம் ரவுட்டர் தருவது உள் முகவரி, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். எல்லாப் பள்ளிகளிலும் '8 ஆ' பிரிவு இருந்தாலும் குழப்பம் வருவதில்லை அல்லவா? உள் முகவரியும் அப்படித்தான்.

பொது முகவரிகளோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. பழைய முறையான ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி. உலக அளவிலான இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால்தான் கூடுதல் முகவரிக்குக் கட்டணம் கேட்கிறார்கள்.

கூடுதல் முகவரிகளைப் பெரும்பாலும் தொகுப்பாகவே தருவார்கள். எட்டு எண்கள் கொண்ட தொகுப்பு என்றால் எட்டும் நமக்குக் கிடைக்காது. எடுத்துக்காட்டாக 203.0.113.8 முதல் 203.0.113.15 வரை என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் வலைப்பின்னலைக் குறிக்கும். கடைசி எண் எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து அறிவிப்பு அனுப்ப. இன்னொன்று நுழைவாயிலுக்கு, அதாவது கேட்வேக்குப் போய்விடும். மிச்சம் ஐந்து. இவற்றைப் பதியும்போது சப்நெட் மாஸ்க் 255.255.255.248 என்று இருக்க வேண்டும். 256இலிருந்து 248ஐக் கழித்தால் எட்டு. இந்தக் கணக்கை மாணவர்களிடமே போடச் சொல்லலாம்.

இனி, நம் தேவைக்கு வருவோம். பிரிண்டரின் முகவரி அடிக்கடி மாறி, தேர்வு நேரத்தில் வினாத்தாள் அச்சாகாமல் நிற்கிறதா? அதற்குப் பொது முகவரி வேண்டாம். ரவுட்டர் அமைப்புக்குள் சென்று, பிரிண்டரின் மேக் எண்ணுக்கு ஓர் உள் முகவரியை ஒதுக்கிவிட்டால் போதும். செலவு ஒன்றுமில்லை. ஒதுக்கிய எண்களை ஒரு நோட்டில் எழுதி ஆய்வகத்தில் வையுங்கள். ஒரே எண்ணை இரண்டு கருவிகளுக்குக் கொடுத்தால் இரண்டுமே தடுமாறும்.

வெளியிலிருந்து பலர் வந்து பார்க்க வேண்டிய சர்வரைப் பள்ளியிலேயே நடத்தினால்தான் பொது நிலை முகவரி தேவைப்படும். அப்போதும் ரவுட்டரில் அந்தச் சேவைக்குரிய வாசலை மட்டும் திறந்து, மற்றவற்றை மூடி வையுங்கள். கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. பொது முகவரி உள்ள கருவியை முன்பின் அறியாத நிரல்கள் இரவும் பகலும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். நம் கணினிகளில் இருப்பவை பிள்ளைகளின் மதிப்பெண்கள், வீட்டு முகவரிகள், பெற்றோரின் கைப்பேசி எண்கள். நம்மை நம்பிக் கொடுத்தவை அவை.

எனவே, விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள்: வெளியார் அணுக வேண்டியவை, நாம் மட்டும் பயன்படுத்துபவை. முதல் பட்டியல் காலியாக இருந்தால், விண்ணப்பமே தேவையில்லை.